நிலத்துக்கு அடியிலுள்ள சரக்கை நிறுப்பது எப்படி?

அரிசி வாங்கப் போகும் வியாபாரி முதலில் குத்தூசியைத்தான் தேடுவார். அடுக்கின் மேலே ஒரு மூடை, நடுவே ஒன்று, அடியில் ஒன்று என்று தன் கையாலேயே செருகிப் பார்ப்பார். விற்பவர் உள்ளங்கையில் வைத்து நீட்டும் அரிசியை மட்டும் பார்த்து நூறு மூடைக்கு விலை பேசுபவர் எமது சந்தைகளில் அதிக காலம் நிலைக்கமாட்டார்.

ஆனால் வாங்கப்போகும் சரக்கு கடல் கடந்த ஒரு நாட்டின் காட்டுக்குள், நிலத்துக்கு அடியில் இருநூறு முந்நூறு மீற்றர் ஆழத்தில் கிடந்தால் என்ன செய்வது? யாருடைய குத்தூசியை நம்புவது?

பங்குச் சந்தைகளில் பதிவாகியுள்ள கனிய ஆய்வுக் கம்பனிகள் விற்பது இப்படிப்பட்ட சரக்கைத்தான். இவற்றிற் பெரும்பாலானவற்றுக்குச் சுரங்கமும் இல்லை, விற்பனை வருமானமும் இல்லை. கையில் இருப்பதெல்லாம் ஒரு நிலத்தைத் தோண்டிப் பார்ப்பதற்கான அனுமதிப்பத்திரமும், தோண்டிய இடத்தில் கண்டதாகச் சொல்லும் சில இலக்கங்களும்தான். பங்கின் விலை ஏறுவதும் இறங்குவதும் அந்த இலக்கங்களை நம்பியே. ஆகவே அந்த இலக்கங்களை யார் சொல்லலாம், எப்படிச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று விதிகள் ஏற்பட்டுள்ளன. அவற்றைப் பற்றியே இவ்வாரம் பார்க்கப்போகிறோம்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். இன்று கையிலுள்ள தொலைபேசி மூலமே வெளிநாட்டுப் பங்கை வாங்க முடிகிறது. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ள உறவினர் இந்தக் கம்பனிகளின் பெயர்களைச் சொல்லி ஆசை காட்டுவதுண்டு. ஆபிரிக்காவில் தங்கக் குழி இருக்கிறது, பங்கு சேருங்கள் என்று வண்ணப் புத்தகத்துடன் வருபவர்களும் உண்டு. இவற்றில் எதில் கை வைப்பதாயினும் கேட்க வேண்டிய கேள்விகளை அறிந்திருப்பது நல்லது.

புசாங் காட்டில் நடந்தது

இந்த விதிகள் ஏன் வந்தன என்பதை அறிய ப்ரீ-எக்ஸ் கம்பனியின் கதையை அறிந்திருக்க வேண்டும். கனடாவின் கல்கரி நகரத்தைச் சேர்ந்த டேவிட் வோல்ஷ் என்பவர் ஆரம்பித்த சிறிய கம்பனி அது. 1993 இல் இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தான் மாகாணத்தில், போர்னியோத் தீவின் காட்டுக்குள் உள்ள புசாங் என்ற இடத்தை ஆராயும் உரிமையை அக்கம்பனி பெற்றது. ஜோன் ஃபெல்டர்ஹொஃப் என்ற புவியியலாளரின் ஆலோசனைப்படி இது நடந்தது. களத்தில் வேலையை நடத்தியவர் பிலிப்பைன்ஸ் நாட்டவரான மைக்கல் டி குஸ்மான்.

துளையிடத் துளையிடத் தங்கம் கூடிக்கொண்டே போனது. 1995 இல் 3 கோடி அவுன்ஸ் என்றார்கள். 1996 இல் 6 கோடி என்றார்கள். 1997 ஆரம்பத்தில் 7 கோடி அவுன்ஸ் என்றார்கள். அதாவது ஏறத்தாழ 2,170 தொன் தங்கம். சில சதங்களுக்கு விலைபோன பங்கு, ஒன்று பத்தாகப் பிரிக்கப்படுவதற்கு முந்திய கணக்கில், 1996 இல் 280 டொலரையும் தாண்டியது. அதே ஆண்டு ஏப்ரலில் கம்பனி டொரன்டோ பங்குச் சந்தையில் இடம்பிடித்தது. கம்பனியின் மொத்தச் சந்தைப் பெறுமதி 600 கோடி கனேடிய டொலருக்கு மேல் சென்றது.

இவ்வளவு பெரிய புதையலைச் சிறிய கம்பனியின் கையில் விட இந்தோனேசிய அரசு விரும்பவில்லை. ஜனாதிபதி சுஹார்த்தோவின் காலம் அது. 1997 பெப்ரவரியில் ஒரு பங்கீடு நடந்தது. ப்ரீ-எக்ஸ் கம்பனிக்கு 45 வீதம், ஜனாதிபதிக்கு நெருக்கமான பொப் ஹசன் தரப்புக்கு 30 வீதம், அமெரிக்காவின் ஃபிறீபோர்ட் மக்மொரான் கம்பனிக்கு 15 வீதம், அரசுக்கு 10 வீதம் என்று முடிவாயிற்று.

இங்கேதான் கதை திரும்புகிறது. ஃபிறீபோர்ட் சுரங்கத் தொழிலில் பழுத்த கம்பனி. பணத்தை இறக்குமுன் தன்னுடைய குத்தூசியைத் தானே செருகிப் பார்க்க முடிவு செய்தது. ப்ரீ-எக்ஸ் தோண்டிய துளைகளுக்கு அருகிலேயே ஏழு துளைகளை இட்டது. அவற்றில் சொல்லக்கூடிய அளவுக்குத் தங்கம் இருக்கவில்லை. விளக்கம் சொல்ல அழைக்கப்பட்டிருந்த டி குஸ்மான் 1997 மார்ச் 19 ஆம் திகதி ஹெலிகொப்டரிலிருந்து விழுந்து இறந்தார். மார்ச் 26 இல் ஃபிறீபோர்ட்டின் முடிவு வெளியானது. மறுநாள் சந்தை திறந்ததும் பங்கின் விலை ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் சரிந்தது. விற்பவர்களின் நெரிசலைத் தாங்க முடியாமல் டொரன்டோ பங்குச் சந்தையின் கணினிகளே நின்றுபோயின.

பின்னர் ஸ்ட்ரத்கோனா என்ற சுயாதீன நிறுவனம் முழுமையாக ஆராய்ந்து மே மாதத்தில் அறிக்கை கொடுத்தது. மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கம் கலக்கப்பட்டிருக்கிறது, புசாங்கில் தோண்டத்தக்க தங்கம் இல்லை என்பதே அதன் சாரம். ஒன்டாறியோ ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி உட்படப் பெரிய பெரிய நிதியங்கள் கோடிக்கணக்கில் இழந்தன. சேமிப்பை எல்லாம் போட்ட சாதாரண மக்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. வோல்ஷ் 1998 இல் இறந்தார். ஃபெல்டர்ஹொஃப் மீது தொடரப்பட்ட வழக்கில் அவர் 2007 இல் விடுவிக்கப்பட்டார். இந்த மோசடிக்காக எவரும் சிறை செல்லவில்லை.

எப்படி ஏமாற்ற முடிந்தது?

துளையிடும்போது பாறை நீண்ட உருளைத் துண்டுகளாக வெளியே வரும். அந்த உருளையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, மறுபாதியைப் பெட்டியில் அடுக்கி வைப்பது தொழில் வழக்கம். யாருக்காவது சந்தேகம் வந்தால் மறுபாதியை எடுத்துப் பரிசோதிக்கலாம். வியாபாரத்தில் பற்றுச்சீட்டின் மறுபிரதியைப் புத்தகத்தில் வைப்பதைப் போன்றது இது.

புசாங்கில் சிறு சிறு துண்டுகளை மாத்திரம் வைத்துக்கொண்டு மீதி முழுவதையும் நொறுக்க அனுப்பினார்கள். தங்கம் சீரில்லாமல் பரவிக் கிடப்பதால் முழுவதையும் பரிசோதித்தால்தான் சரியான அளவு தெரியும் என்று காரணம் சொன்னார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் மறுபிரதி இல்லாமற் போயிற்று.

மாதிரிப் பைகள் காட்டிலிருந்து நேராக ஆய்வுகூடத்துக்குப் போகவில்லை. வழியில் கம்பனியின் களஞ்சியத்தில் தங்கின. அங்கேதான் பைகள் திறக்கப்பட்டன. கலந்த தங்கத் துகள்கள் உருண்டையாக, ஆற்று மணலில் அரித்தெடுக்கும் தங்கத்தைப் போல இருந்தன. பாறைக்குள் இருக்கும் தங்கம் அப்படி உருண்டு தேய்ந்திருக்காது.

இவ்வளவு பெரிய பொய்க்கு எவ்வளவு தங்கம் தேவைப்பட்டிருக்கும் என்று வியப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தொன் பாறையில் 3 கிராம் தங்கம் இருந்தால் அது நல்ல செய்தி. 5 கிலோ மாதிரிப் பையில் அதே விகிதத்துக்கு 15 மில்லிகிராம் போதும். ஒரு பவுண், அதாவது 8 கிராம் தங்கத்தை அராவித் தூளாக்கினால் ஐந்நூறுக்கு மேற்பட்ட பைகளில் தூவலாம். தங்க நகை வேலை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு இலகு என்பது விளங்கும். ஆங்கிலம் பேசும் சுரங்கத் தொழிலாளர் இதை "உப்புப் போடுவது" என்றே சொல்வார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 7 கோடி அவுன்ஸ் என்று கணக்கிட்டுக் கொடுத்தது ஒரு பெயர்பெற்ற பொறியியல் நிறுவனம். அது பொய்க் கணக்குப் போடவில்லை. தனக்குத் தரப்பட்ட இலக்கங்களைச் சரியாகவே கூட்டிப் பெருக்கியது. அந்த இலக்கங்கள் எங்கிருந்து வந்தன என்பதைத்தான் போய்ப் பார்க்கவில்லை. பேரேட்டில் கூட்டல் சரியாக இருப்பதனால் மட்டும் களஞ்சியத்தில் சரக்கு இருந்துவிடாது.

கனடா கொண்டு வந்த விதி

இந்தச் சம்பவத்தின் பின் டொரன்டோ பங்குச் சந்தையும் ஒன்டாறியோ பிணையங்கள் ஆணைக்குழுவும் சேர்ந்து ஒரு குழுவை நியமித்தன. அக்குழு 1999 இல் தன் இறுதி அறிக்கையைக் கொடுத்தது. அதன் பலனாக 2001 பெப்ரவரி 1 முதல் கனடா முழுவதும் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. நஷனல் இன்ஸ்ட்ருமென்ட் 43-101 என்பது அதன் பெயர். 2005 இலும் 2011 இலும் அது திருத்தப்பட்டது. அதன் முக்கிய அம்சங்கள் இவை:

முதலாவது, தகைமையுள்ள நபர். கனியம் பற்றிய எந்த அறிவியல் தகவலையும் கம்பனி வெளியிடுவதானால் அது தகைமையுள்ள நபர் ஒருவரின் பொறுப்பில் இருக்க வேண்டும். அவர் பொறியியலாளராகவோ புவியியலாளராகவோ இருக்க வேண்டும். குறைந்தது ஐந்து வருட அனுபவம், அதிலும் அந்த வகைக் கனியத்தோடும் வேலையோடும் தொடர்பான அனுபவம் வேண்டும். தொழில்சார் சங்கமொன்றில் அங்கத்தவராக இருக்க வேண்டும். பிழை செய்தால் தண்டிக்கும் அதிகாரம் அந்தச் சங்கத்துக்கு இருக்க வேண்டும். அவருடைய பெயர் வெளியே தெரியும்படி எழுதப்பட வேண்டும்.

இரண்டாவது, தொழில்நுட்ப அறிக்கை. முதன்முதலாக ஒரு வள மதிப்பீட்டை அறிவித்தால் அதற்கு ஆதாரமான முழு அறிக்கையை 45 நாட்களுக்குள் பகிரங்கமாகச் சமர்ப்பிக்க வேண்டும். எந்தத் தலைப்புகளில் என்னென்ன எழுத வேண்டும் என்று படிவமே இருக்கிறது. மாதிரிகள் எப்படி எடுக்கப்பட்டன, யார் காவலில் இருந்தன, எந்த ஆய்வுகூடம் பரிசோதித்தது என்பதற்கு ஒரு தனிப் பகுதி உண்டு. அந்தத் தரவுகளைத் தகைமையுள்ள நபர் எவ்வாறு சரிபார்த்தார் என்பதற்கு இன்னொரு பகுதி. சரிபார்க்க முடியாமற் போனால் அதையும் காரணத்துடன் எழுத வேண்டும். புசாங்கின் இரண்டு ஓட்டைகளையும் அடைப்பதற்கான பகுதிகள் இவை.

மூன்றாவது, நேரில் சென்று பார்த்தல். அறிக்கையில் ஒப்பமிடுபவர்களில் ஒருவராவது அந்த இடத்துக்கு நேரில் போயிருக்க வேண்டும். எப்போது போனார் என்பதும் எழுதப்பட வேண்டும்.

நான்காவது, சுயாதீனம். முதன்முதல் மதிப்பீடு வரும்போதும், முன்னைய மதிப்பீடு இரண்டு மடங்காகவோ அதற்கு மேலோ மாறும்போதும் ஒப்பமிடுபவர் கம்பனியின் ஆளாக இருக்கக்கூடாது. 3 கோடி 6 கோடியான கதையை நினைத்துப் பார்த்தால் இதன் காரணம் புரியும்.

இந்த அறிக்கைகள் யாவும் கனடாவின் செடார் பிளஸ் என்ற இணையத்தளத்தில் கிடைக்கின்றன. 2023 வரை அதன் பெயர் செடார். பணம் கட்ட வேண்டியதில்லை. யாரும் பார்க்கலாம்.

வளம் வேறு, இருப்பு வேறு

வாசகர்கள் இப்பகுதியை ஆறுதலாக வாசிக்க வேண்டும். அதிகமானோர் ஏமாறுவது பொய்யினால் அல்ல, சொல்லின் பொருள் விளங்காமையினால்தான்.

நிலத்தடியில் உள்ளதை விதி இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று கனிய வளம், ஆங்கிலத்தில் ரிசோர்ஸ். மற்றது கனிய இருப்பு, ஆங்கிலத்தில் ரிசேர்வ். வளம் என்றால், என்றாவது ஒருநாள் இலாபத்துடன் எடுக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறது என்று பொருள். இருப்பு என்றால், எடுக்கும் செலவு, விற்பனை விலை, சட்ட அனுமதி, சுற்றாடல், தண்ணீர், மின்சாரம், பாதை, அவ்வூர் மக்களின் நிலைப்பாடு எல்லாவற்றையும் ஆராய்ந்த பின்பும் இலாபம் தரும் என்று காட்டப்பட்ட பகுதி.

வளத்துக்குள் மூன்று படிகள் உண்டு. அடிப்படி ஊகிக்கப்பட்ட வளம், இன்ஃபேர்ட் என்பார்கள். துளைகள் ஒன்றுக்கொன்று தூரமாக இருக்கும். இடையில் இருப்பது ஊகம். அடுத்தது சுட்டிக்காட்டப்பட்ட வளம், இன்டிகேட்டட். துளைகள் நெருங்கியிருக்கும், ஒன்றிலிருந்து மற்றதற்குத் தொடர்ச்சி உண்டென்று நியாயமாகக் கொள்ளலாம். மேற்படி அளவிடப்பட்ட வளம், மெஷேர்ட். அதில் நம்பிக்கை மிகக் கூட.

இருப்புக்குள் இரண்டு படிகள். சாத்தியமான இருப்பு ஒன்று, நிரூபிக்கப்பட்ட இருப்பு மற்றது. சுட்டிக்காட்டப்பட்ட, அளவிடப்பட்ட வளங்கள் மட்டுமே இப்படிகளுக்கு ஏறலாம். ஊகிக்கப்பட்ட வளம் நேரடியாக இருப்பாக மாறவே முடியாது.

கடை மொழியில் சொல்வதானால், களஞ்சியத்தில் எண்ணி அடுக்கிய மூடைதான் இருப்பு. ஊர் ஊராகப் போய் வயலைப் பார்த்து, இந்த முறை இவ்வளவு நெல் வரும் என்று தரகர் சொல்வது ஊகிக்கப்பட்ட வளம். தரகர் பொய்யர் அல்லர். ஆனால் அவர் சொல்லை நம்பி லொறிக்கு முற்பணம் கொடுப்பவர் இல்லை.

இதனால்தான் ஊகிக்கப்பட்ட வளத்தை மற்ற வளங்களோடு கூட்டி ஒரே இலக்கமாகச் சொல்லக்கூடாது என்று கனேடிய விதி தடுக்கிறது. தனித்தனியே காட்ட வேண்டும். அதேபோல "நிலத்தடியில் 500 கோடி டொலர் பெறுமதியான தங்கம்" என்று மொத்தப் பெறுமதி சொல்லவும் தடை உண்டு. எடுக்கும் செலவைச் சொல்லாமல் நிலத்தடித் தங்கத்துக்கு விலை சொல்வது கடலில் நீந்தும் மீனைச் சந்தை விலைக்குக் கணக்குப் பார்ப்பது போன்றது. பழைய காலத்து மதிப்பீடுகளைச் சொல்வதானால் அவை இன்றைய விதிப்படி சரிபார்க்கப்பட்டவை அல்ல என்ற எச்சரிக்கையுடன் சொல்ல வேண்டும்.

கம்பனி வெளியிடும் ஆய்வுகளிலும் படிகள் உண்டு. முதலாவது பூர்வாங்கப் பொருளாதார மதிப்பீடு. அடுத்தது முன்சாத்திய ஆய்வு. கடைசியாகச் சாத்திய ஆய்வு. முதற்படியில் மாத்திரமே ஊகிக்கப்பட்ட வளத்தையும் சேர்த்து இலாபம் பார்க்க அனுமதி உண்டு. அப்போதும் இது நடக்கும் என்பதற்கு உறுதியில்லை என்று எழுத வேண்டும்.

விதி இருந்தும் பணம் போகலாம்

விதி வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஒன்டாறியோ மாகாணத்தின் ரெட் லேக் பகுதியில் ரூபிகன் என்ற கம்பனி ஃபீனிக்ஸ் என்ற தங்கச் சுரங்கத்தை அமைத்தது. 2013 இல் அங்கே ஏறத்தாழ 11 இலட்சம் அவுன்ஸ் சுட்டிக்காட்டப்பட்ட வளமும், 22 இலட்சம் அவுன்ஸ் ஊகிக்கப்பட்ட வளமும் உண்டென்று மதிப்பிடப்பட்டது. பூர்வாங்கப் பொருளாதார மதிப்பீட்டை மட்டும் வைத்துக்கொண்டு, சாத்திய ஆய்வு செய்யாமலே ஆலையைக் கட்டினார்கள். தோண்டியபோது தங்கம் நினைத்தபடி தொடர்ச்சியாக இருக்கவில்லை. 2015 நவம்பரில் நிலத்தடி வேலை நின்றது. 2016 ஜனவரியில் வந்த புதிய மதிப்பீட்டின்படி சுட்டிக்காட்டப்பட்ட வளம் 1 இலட்சத்து 6 ஆயிரம் அவுன்ஸ், ஊகிக்கப்பட்ட வளம் 3 இலட்சத்து 7 ஆயிரம் அவுன்ஸ். பத்தில் ஒன்றளவுக்கு வந்துவிட்டது. அதே ஆண்டு கம்பனி கடன்காரரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கோர நேர்ந்தது.

இது புசாங் போன்ற கலப்படம் அல்ல. அறிக்கை இருந்தது, ஒப்பம் இருந்தது, எச்சரிக்கையும் எழுதப்பட்டிருந்தது. வளத்தின் பெரும்பகுதி ஊகிக்கப்பட்டது என்பதும் சாத்திய ஆய்வு இல்லை என்பதும் எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தன. இலக்கத்தை வாசித்தவர்கள் அதற்குப் பக்கத்திலிருந்த சொல்லைக் கவனிக்கவில்லை.

ஆகவே இந்த விதிகள் தங்கம் இருப்பதற்கு உத்தரவாதம் தருவதில்லை. ஓர் இலக்கத்துக்குப் பின்னால் பெயருள்ள ஒரு மனிதரை நிறுத்துகின்றன. இன்னொருவர் வந்து சரிபார்ப்பதற்குத் தடயத்தை விட்டுவைக்கின்றன. அவ்வளவுதான். சரிபார்க்கும் வேலை பணம் போடுபவருடையது.

ஏனைய நாடுகளும் எமது மன்னாரும்

கனடாவுக்கு முன்பே அவுஸ்திரேலியா இந்தப் பாடத்தைப் படித்திருந்தது. 1969 செப்டெம்பரில் 80 சதத்துக்கு விற்ற பொசைடன் என்ற நிக்கல் கம்பனியின் பங்கு 1970 பெப்ரவரியில் 280 டொலருக்கு ஏறிப் பின்னர் வீழ்ந்தது. அதையடுத்து 1971 இல் ஜோர்க் எனப்படும் குழு அமைந்தது. அதன் விதிக்கோவை 1989 இல் வெளிவந்தது. 2012 ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு நீண்ட அட்டவணை உண்டு. மாதிரி எடுத்தது முதல் கணக்கிட்டது வரை ஒவ்வொன்றையும் செய்தீர்களா, செய்யவில்லையென்றால் ஏன் என்று அதிலே பதில் எழுத வேண்டும். அங்கே ஒப்பமிடுபவரைத் தகுதிவாய்ந்த நபர் என்பார்கள். தென்னாபிரிக்கா 2000 இல் தனக்கென ஒரு விதிக்கோவையை வெளியிட்டது. அமெரிக்கா நீண்டகாலம் வேறு வழியில் சென்று, 2018 இல் எஸ்-கே 1300 என்ற விதியை ஏற்று, 2021 இல் ஆரம்பிக்கும் நிதியாண்டுகள் முதல் கட்டாயமாக்கியது. மேலே சொன்ன ஐந்து படிகளும் இந்நாடுகள் அனைத்திலும் ஏறத்தாழ ஒன்றே.

இந்த ஆவணங்களில் எமது நாட்டின் பெயரும் வருகிறது. புல்மோட்டையில் கனிய மணல் எடுக்கப்படுவதை யாவரும் அறிவோம். மன்னார்த் தீவின் மணலில் உள்ள இல்மனைட் முதலான கனியங்களை ஆராய்ந்த டைட்டேனியம் சேண்ட்ஸ் என்ற கம்பனி அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பதிவானது. ஆகவே ஜோர்க் விதிப்படி வள மதிப்பீடுகளை வெளியிட்டிருக்கிறது. இத்தனை கோடி தொன் என்று பத்திரிகையில் செய்தி வரும்போது, அது வளமா இருப்பா என்று முதலில் பார்க்க வேண்டும். வளம் என்றால் அனுமதியும் சுற்றாடலும் மக்கள் சம்மதமும் இன்னும் தீரவில்லை என்று பொருள். எமது நாட்டில் 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்படி புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் கனியம் எடுக்க முடியாது. மன்னார் மக்கள் தமது நிலத்தடி நீரையும் தாழ்ந்த நிலத்தையும் பற்றிக் கவலை தெரிவித்து வருகிறார்கள். பங்கு வாங்க நினைப்பவருக்கு மட்டுமல்ல, அந்த மண்ணில் குடியிருப்பவருக்கும் இந்த அறிக்கைகளை வாசிக்கத் தெரிந்திருப்பது பயன் தரும். தமது ஊரில் எங்கே துளையிட்டார்கள், எவ்வளவு ஆழம் எடுக்க எண்ணுகிறார்கள் என்பதைக் கம்பனியின் சொந்த எழுத்திலிருந்தே எடுத்துக் காட்டலாம்.

பணம் போடுமுன் கேட்க வேண்டியவை

1. கம்பனி எந்த நாட்டுப் பங்குச் சந்தையில் பதிவாகியுள்ளது? எந்த விதிப்படி அறிக்கை கொடுக்கிறது?

2. தொழில்நுட்ப அறிக்கை எங்கே? ஒப்பமிட்டவர் யார்? அவருடைய பெயர் தொழில்சார் சங்கத்தின் பட்டியலில் இருக்கிறதா? அவர் கம்பனியின் சம்பளக்காரரா, வெளியாளா?

3. அவர் அந்த இடத்துக்குப் போனாரா? எந்த வருடம்?

4. சொல்லப்படும் அளவு எந்தப் படியில் இருக்கிறது? ஊகிக்கப்பட்டது எவ்வளவு, சுட்டிக்காட்டப்பட்டது எவ்வளவு, இருப்பு ஏதும் உண்டா?

5. மாதிரிகள் துளையிலிருந்து ஆய்வுகூடம் வரை யார் கையில் இருந்தன? பாறை உருளையின் மறுபாதி இப்போது எங்கே? வேறு ஆய்வுகூடம் ஒன்று சரிபார்த்ததா?

6. ஒரு நல்ல துளையின் பெறுபேற்றை மட்டும் காட்டுகிறார்களா, எல்லாத் துளைகளையும் காட்டுகிறார்களா?

7. அடுத்த துளைக்குப் பணம் எங்கிருந்து வரும்? வருமானமில்லாத கம்பனி புதிய பங்கை விற்றுத்தான் செலவு செய்யும். அப்போது நீங்கள் வைத்திருக்கும் பங்கின் வீதம் குறையும்.

8. கம்பனியை நடத்துபவர்கள் தமது சொந்தப் பங்கை விற்கிறார்களா? பதிவான கம்பனிகளில் இதுவும் பகிரங்கமாக அறிவிக்கப்பட வேண்டிய ஒன்று.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் அறிக்கையிலேயே இருக்கும். ஆங்கிலம் கடினமாக இருந்தால் படித்த பிள்ளைகளில் ஒருவரை உட்கார வைத்து முதற்சுருக்கத்தையும், மாதிரிப் பாதுகாப்புப் பகுதியையும், தரவு சரிபார்ப்புப் பகுதியையும், ஆபத்துகள் பற்றிய பகுதியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். முந்நூறு பக்கத்தையும் வாசிக்க வேண்டியதில்லை.

எந்தப் பங்குச் சந்தையிலும் பதிவில்லாமல், நண்பருக்கு நண்பர், உறவினருக்கு உறவினர் என்று வரும் தங்கக் குழிப் பங்குகளே மிக ஆபத்தானவை. மேலே சொன்ன விதிகள் எதுவும் அங்கே செல்லாது. ஒப்பமிட ஆளில்லை. மறுபாதி உருளை இல்லை. தண்டிக்கச் சங்கமும் இல்லை. கையில் கிடைப்பது ஒரு புகைப்படமும், ஒரு பிடி தங்கத் தூளும், நாளைக்குள் பணம் வேண்டும் என்ற அவசரமும்தான். அப்படி ஒருவர் வந்தால் இந்த எட்டுக் கேள்விகளையும் மரியாதையாகவே கேளுங்கள். உண்மையான வியாபாரி பதில் தேடிக் கொண்டு வருவார். மற்றவர் "என்னை நம்பவில்லையா?" என்று கோபிப்பார்.

ஃபிறீபோர்ட் ப்ரீ-எக்ஸ் கம்பனியோடு கோபித்துக்கொண்டு ஏழு துளைகளை இடவில்லை. கூட்டுச் சேர்ந்த பின், பணம் இறக்குமுன், தன் கையால் சரக்கைப் பார்த்தது. பங்காளியை மதிப்பதும் சரக்கைச் சோதிப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. பணத்தைக் கொடுக்குமுன் சோதித்தால் பங்காளியும் மிஞ்சுவார், பணமும் மிஞ்சும்.